தஞ்சோங் ரம்புத்தான் வசைச்சொல் அல்ல: மனநலத் தாதியரின் தேவையும் தகுதியும்

“உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்!”

பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்களில் இந்த வசையைக் கேட்காதவர் இருக்க முடியாது. சொல்லாதவரும் மிகச் சிலரே. நானும் சொல்லியிருக்கிறேன். நான்காம் ஆண்டில் படித்தபோது, இரவல் வாங்கிய அழிப்பானைத் திருப்பித் தராத தோழியிடம் கோபத்தில் சொன்னேன். அன்றிரவு அதை வீட்டில் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தேன். அப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பாவின் அக்காளாகிய என் அத்தை அந்த ஊர் மருத்துவமனையில் மூன்று முறை தங்கிச் சிகிச்சை பெற்றவர் என்பது எனக்குப் பதினாறு வயதில்தான் தெரிய வந்தது.

இன்று நான் பல்கலைக்கழகத்தில் தாதியியல் இளங்கலைப் பட்டப்படிப்பு பயின்று வருகிறேன். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட செயலவை நண்பர்கள், “தமிழ் சம்பந்தமாக ஏதாவது எழுது” என்றார்கள். மனநலத் தாதியர் பற்றி எழுதுகிறேன் என்றதும் அவர்கள் முகம் சற்றுச் சுருங்கியது. இது தமிழ் சம்பந்தப்பட்டதுதான் என்பதை வாசக நண்பர்கள் போகப் போக அறிவீர்கள்.

ஊரின் பெயர் வசையான கதை

ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், சுங்கை சிப்புட்டுக்குச் செல்லும் இரயில் பாதையில் உள்ள சிற்றூர் தஞ்சோங் ரம்புத்தான். 1911-ஆம் ஆண்டில் ஆங்கிலேய ஆட்சியினர் அங்கே ஒரு பெரிய மனநோய் விடுதியைத் திறந்தனர். அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் அப்படியே சொன்னால் ‘கூட்டரசுப் பைத்தியக்கார விடுதி’ என்று வரும். 1928-இல் அது ‘மத்திய மனநோய் மருத்துவமனை’ ஆனது. 1971-இல் ‘பஹாகியா மருத்துவமனை’ என்று பெயர் மாற்றப்பட்டது. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. மருத்துவமனை பெயரை மாற்றிக்கொண்டது. மக்கள் வாயில் ஊரின் பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

500 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் தனி ஊர் போலவே அமைந்த அவ்விடத்தில் ஒரு காலத்தில் 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தனர். பிரிட்டிஷ் மலாயாவின் தோட்டங்களிலிருந்தும் ஈயச் சுரங்கங்களிலிருந்தும் வந்த தமிழரும் சீனரும் அவர்களிடையே இருந்தார்கள். கப்பலேறி வந்தவருக்கு இங்கே தாயும் இல்லை, தாய்மாமனும் இல்லை. நோய் தணிந்தாலும் திரும்பிப் போக வீடு இல்லாதவர்கள் அங்கேயே கிழவராகி அங்கேயே முடிந்தார்கள். தோட்டத்துப் பதிவேடுகளில் இவர்களைப் பற்றி என்ன எழுதியிருந்தார்கள் என்பதை நம் வரலாற்றுத் துறை மாணவர் யாரேனும் ஆய்வு செய்தால் நல்லது. என் துறை அதுவன்று.

அக்காலத்தில் அங்கே பணியாற்றியவர்களின் முதல் வேலை காவல். இடுப்பில் சாவிக்கொத்து, கதவுக்குப் பூட்டு, எண்ணிக்கை சரிபார்ப்பு. நோயைத் தணிக்கும் மருந்து எதுவும் அன்று இல்லை என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். 1952-இல் பிரான்சில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தை மனநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே, கதவைத் திறந்து வைக்கலாம் என்ற துணிவு உலகெங்கும் பிறந்தது. அதே 1952-இல் அமெரிக்கத் தாதி ஹில்டகார்ட் பெப்லாவ் ஒரு நூல் வெளியிட்டார். தாதிக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே ஒரு சிகிச்சை என்பது அந்நூலின் சாரம். என்னைப் பொறுத்தவரை, மருந்து பூட்டைத் திறந்தது; உள்ளே போய் நாற்காலி போட்டு உட்காரக் கற்றுக்கொடுத்தவர் பெப்லாவ்.

1960, 70-களில் நம் நாட்டு இளைஞர் பலர் இங்கிலாந்து மருத்துவமனைகளுக்குச் சென்று மனநலத் தாதிப் பயிற்சி பெற்றனர். பஹாகியா மருத்துவமனைக்குத் தலைமை தாங்கிய டான்ஸ்ரீ டாக்டர் எம். மகாதேவன் மலேசிய மனநல மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படுகிறார். ஒரு தமிழர் தலைமை தாங்கிய மருத்துவமனையின் ஊர்ப்பெயரைத்தான் நாம் வகுப்பறையில் வசையாக வீசிக்கொண்டிருந்தோம்.

இன்று ஈப்போவைப் போலவே ஜொகூர் பாருவில் பெர்மாய், கூச்சிங்கில் செந்தோசா, கோத்தா கினபாலுவில் மெஸ்ரா என நாட்டில் நான்கு அரசு மனநல மருத்துவமனைகள் இயங்குகின்றன. பெரிய பொது மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உண்டு.

அத்தை

எங்கள் குடும்பம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தைச் சேர்ந்தது. இன்று அங்கே ரப்பரும் இல்லை, லயமும் இல்லை. 1990-இல் அத்தைக்கு வயது இருபத்து நான்கு. விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், ஆளில்லாத நிரையிலிருந்து தம் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிடுவதாகச் சொல்லத் தொடங்கினார். பிறகு அந்தக் குரல் திட்ட ஆரம்பித்தது. தேநீரில் மருந்து கலந்திருக்கிறது என்று குடிக்க மறுத்தார். முனி அடித்துவிட்டது என்றார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். ஏழு மாதம் கோயில், பூசாரி, மந்திரித்த கயிறு, எலுமிச்சம்பழம் என்று போயிற்று. வீட்டை விட்டு ஓடிவிடுவார் என்று பயந்து சில இரவுகள் கட்டிலோடு கட்டியும் வைத்தார்கள். கட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர். என் தாத்தாவும் அப்பாவும்தான் அவர்கள். அப்பா இதை என்னிடம் சொன்னபோது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி நடத்தப்பட்ட ஒரு மனநோயாளர் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களும் குடும்பத்தாரே, நம்பிக்கையோடு விட்டவர்களே. இதைப் பாடத்திற்காகப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கட்டிலின் நினைவுதான் வந்தது.

அத்தையைக் காப்பாற்றியவர் தோட்டத்து டிரசர். இன்றைய இளையோருக்கு இச்சொல் புதிதாக இருக்கலாம். தோட்ட மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப்போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, பேறுகாலத்திலும் உதவிய மருத்துவ உதவியாளர் அவர். இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்த டிரசர் தாத்தாவிடம், “இது சாமி குத்தமில்ல, மூளையில வர்ற சீக்கு, நீரிழிவு மாதிரி மருந்து இருக்கு” என்றாராம். தோட்டத்து வண்டியிலேயே அழைத்துப் போய்ச் சேர்த்தார். அத்தைக்கு ஸ்கிசோஃப்ரேனியா என்னும் மனச்சிதைவு நோய். ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடிய இந்நோய், பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். கல்யாணம் பேசும் வயது என்பதால்தான் நம்மவர்கள் மறைக்கிறார்கள். மறைக்கும் மாதங்களில்தான் நோய் முற்றுகிறது.

தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்ட பிறகு குடும்பம் ஈப்போ புந்தோங்கிற்குக் குடிபெயர்ந்தது. அத்தை பின்னறையில் இருந்தார். எனக்குச் சடை பின்னிவிட்டவர் அவர்தான். “அத்தைக்கு உடம்பு சரியில்ல” என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. 2019-இல் அவர் மாத்திரையை நிறுத்தினார். கை நடுங்குகிறது, உடல் பருக்கிறது, பகலெல்லாம் தூக்கம் வருகிறது என்பது அவருடைய குறை. அந்த நடுக்கம் மருந்தின் பக்கவிளைவு என்பதையும், அதற்கு மாற்று உண்டு என்பதையும் அதுவரை எங்களுக்கு எவரும் விளக்கியதில்லை. சில மாதங்களில் குரல்கள் திரும்பின.

மிஸ்ஸி வந்தார்

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அத்தையைப் பார்க்க நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஒரு தாதி வீட்டிற்கு வரத் தொடங்கினார். மலாய்க்காரப் பெண்மணி, ஐம்பது வயதை நெருங்கியவர். நம்மவர் வழக்கப்படி நாங்களும் ‘மிஸ்ஸி’ என்றே அழைத்தோம். ஊசி போட ஐந்து நிமிடம் போதும். அவரோ முக்கால் மணி நேரம் இருப்பார். நின்றுகொண்டு பேசமாட்டார், அத்தையின் முகத்துக்கு நேரே வரும்படி சிறிய முக்காலியில் உட்காருவார். “அக்கா, சாப்ட்டீங்களா?” என்ற அவருடைய ஒரே தமிழ் வாக்கியத்திற்கு அத்தை ஒவ்வொரு முறையும் வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் செய்தது என்ன என்பது, பாடமாகப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. கையை மடக்கி நீட்டித் தசை விறைப்பைப் பார்த்தார். எடையும் இடுப்பளவும் குறித்தார்; இம்மருந்துகள் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றக்கூடியவை. அத்தை பேசும்போது பேச்சின் கோவையைக் கவனித்தார். சமையலறையை நோட்டமிட்டார். அம்மாவிடம் தனியாக, “நீங்கள் தூங்குகிறீர்களா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் அதுவரை அம்மாவை அப்படி யாரும் கேட்டதில்லை. பிறகு ஒரு தாளில், நோய் திரும்புவதற்கான முன்னறிகுறிகளை எங்களையே சொல்ல வைத்து எழுதினார். இரண்டு இரவு தொடர்ந்து தூங்காமல் இருப்பது, சமையலறைச் சன்னலைச் சாத்துவது, தேநீரில் வாடை வருகிறது என்பது. அந்தத் தாள் இன்றும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு அத்தை மருத்துவமனையில் தங்கவில்லை.

மனநலத் தாதியின் பணி இத்தோடு முடிவதில்லை. வார்டில் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைப்பவரைக் கண்டுபிடிப்பதும், அவர் ஏன் ஒளிக்கிறார் என்று கேட்பதும் ஒரே தாதியின் வேலை. கண்டுபிடிப்பதோடு நிற்பவர் பழைய சாவிக்கொத்துக் காவலர்தான். குளோசபின் என்னும் மருந்து உட்கொள்பவருக்கு முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. மின்னதிர்ச்சிச் சிகிச்சை (இன்று மயக்க மருந்து கொடுத்தே செய்யப்படுகிறது, பழைய சினிமாவில் காட்டுவது போலன்று) செய்யுமுன் பட்டினியை உறுதிப்படுத்துவதும், கண்விழித்துக் குழம்பும் நோயாளியிடம் ‘இது எந்த இடம், நான் யார்’ என்று மெல்லச் சொல்வதும் தாதியே. கால் முறிந்து எலும்புப் பிரிவில் சேர்ந்த ஒருவர் மூன்றாம் நாள் திடீரென வியர்த்து, நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தினால், அவர் தினமும் குடித்தவரா என்று முதலில் கேட்கத் தெரிந்தவரும் மனநலப் பயிற்சி பெற்ற தாதிதான். கள்ளுக்கடையும் சம்சுவும் நம் சமூகத்திற்குச் செய்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நோயாளி அடிப்பார் என்று பலர் பயப்படுகிறார்கள். வார்டில் அடி வாங்கிய தாதியர் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அதற்கெனப் பயிற்சி தருகிறார்கள். குரலை உயர்த்தாமை, வாசலை மறைத்து நில்லாமை, தனியாகச் செல்லாமை ஆகியவை அதில் அடங்கும். ஆனால் மனநோயாளர் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம்.

“எந்தத் தோட்டம், பாட்டி?”

இனி தமிழுக்கு வருவோம். மூன்றாம் ஆண்டில் ஒரு மனநலப் பிரிவில் சில வாரங்கள் செயல்முறைப் பயிற்சி பெற்றேன். அங்கே ஒரு மூதாட்டி இருந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருடைய குறிப்பேட்டில் ‘பேசுவதில்லை, பின்னிரவில் எழுந்து நடமாடுகிறார், கிளர்ச்சி’ என்று மலாயில் எழுதப்பட்டிருந்தது. அந்த நடமாட்டத்திற்காகத் தூக்க மருந்தும் கூட்டப்பட்டிருந்தது. அந்த வாரம் பணியில் இருந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை.

என்ன பேசுவதென்று எனக்கும் தெரியவில்லை. நம் வீடுகளில் புதிதாக ஒரு பெரியவரைக் கண்டால் கேட்போமே, அதையே கேட்டேன். “எந்தத் தோட்டம், பாட்டி?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். எந்தப் பிரிவு என்றார். மண்டோர் பெயரைச் சொன்னார். தம் நிரை குன்றின் மேல் இருந்ததால் மழைக்காலத்தில் வழுக்கும் என்றார். ‘பேசுவதில்லை’ என்று எழுதப்பட்டவர் இருபது நிமிடம் பேசினார். பேச்சில் நோயும் இருந்தது. இறந்துபோன கணவர் வார்டின் கூரையில் இருப்பதாகச் சொன்னார். அதை நான் எழுதினேன். ஆனால் பின்னிரவு நான்கு மணிக்கு ஏன் எழுகிறார் என்பதற்குக் காரணம் நோய் அல்ல. “பெரட்டுக்கு நேரமாச்சுல்ல. ஒரு தண்ணிகூடக் குடுக்க மாட்டேங்கிறாங்க.” நாற்பது ஆண்டுகள் நான்கு மணிக்கு எழுந்து தேநீர் குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போன உடம்பு அது. தலைமைத் தாதியிடம் சொன்னேன். அவர் நல்லவர்; நான் மாணவிதானே என்று தள்ளிவிடவில்லை. மறுநாளிலிருந்து நாலரை மணிக்குத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கொடுக்கச் செய்தார். பாட்டி குடித்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். தூக்க மருந்தை மருத்துவர் குறைத்தார்.

இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. மனநோயை அறிய நோயாளியின் சொல்லைத் தவிர வேறு கருவி ஏது? அச்சொல் புரியாவிட்டால் கருவி உடைந்ததாகத்தான் பொருள். நம்மவர்கள் “எனக்கு மனச்சோர்வு” என்று வந்து சொல்வதில்லை. நெஞ்சு அடைக்குது என்பார்கள், தலை கிறுகிறுக்குது என்பார்கள், “ஒண்ணுமே வேணாம்னு இருக்கு” என்பார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சலிப்பு என்று மொழிபெயர்ப்பதா, சாவைப் பற்றிய எண்ணம் என்று மொழிபெயர்ப்பதா? அடுத்த கேள்வியைத் தமிழில் கேட்டால்தான் தெரியும். கூட வந்த பத்து வயதுப் பேரனை வைத்து மொழிபெயர்க்கச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தன் வீட்டுப் பிரச்சினையைப் பேரன் வாயால் சொல்ல எந்தப் பாட்டிக்கு மனம் வரும்?

‘சாமி வருதல்’ இன்னொரு சிக்கல். தைப்பூசத்தன்று கல்லுமலைக்குக் காவடி எடுப்பவர் மெய்ம்மறந்து ஆடுவதை நம் பண்பாடு அறியாத ஒருவர் நோய் என்று எழுதிவிடக்கூடும். பண்பாடு அறிந்த நாமோ நோயையும் சாமி என்று சொல்லி ஏழு மாதம் கடத்திவிடுவோம். வேறுபாடு காண்பது அத்தனை கடினமன்று. வழிபாட்டில் வரும் அருள், வழிபாடு முடிந்ததும் இறங்கும். மறுநாள் அவர் வேலைக்குப் போவார். சுற்றியிருப்பவர்களுக்கு அது வியப்பாக இராது. நோயோ நாள் பார்க்காது, இடம் பார்க்காது. தூக்கத்தையும் பிழைப்பையும் தின்றுவிடும். இரண்டையும் அறிந்த தாதி ஒருவர் அங்கே இருப்பது எத்துணைப் பயன்!

‘பைத்தியம்’ என்ற சொல்லையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். பித்தம் மிகுவதால் மனம் கலங்குகிறது என்பது பழைய மருத்துவக் கருத்து. பித்து, பித்தன், பைத்தியம் எல்லாம் அவ்வழி வந்தவை. அதாவது, இச்சொல் பிறந்தபோது உடம்பில் நேர்ந்த ஒரு மாற்றத்தின் பெயராக, நோயின் பெயராகத்தான் பிறந்தது. சுந்தரர் சிவபெருமானையே பித்தன் என்று அழைத்தார். வசையாக்கியது நாம்தான்.

தேவை எவ்வளவு?

சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார, நோயியல் ஆய்வின்படி, 2019-இல் வயது வந்தோரில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023-இல் அது 4.6 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ பத்து லட்சம் பேர். நான்கே ஆண்டுகளில் இருமடங்கு! கோவிட் காலத்தை இடையில் கடந்து வந்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2020-ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். தேர்வை 2021 பிப்ரவரியில் எழுதிய கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். எங்கள் வகுப்பில் எத்தனை பேர் அந்த ஆண்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

நம் சமூகத்தின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2007-இல் தொடங்கப்பட்ட தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் 2009-ஆம் ஆண்டு அறிக்கையில், மக்கள்தொகை விகிதப்படி மற்ற இனத்தவரைவிட இந்தியரிடையேதான் தற்கொலை அதிகமாக இருந்தது. தோட்டங்களில் களைக்கொல்லி எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை நம் பெற்றோர் அறிவார்கள். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2002-இல் தடை செய்யப்பட்டு, 2006-இல் தடை நீக்கப்பட்டு, 2020 தொடக்கத்தில் மீண்டும் தடை செய்யப்பட்டது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு.

சட்டமும் மாறியிருக்கிறது. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இயற்றப்பட்டு, 2010-இல் நடைமுறைக்கு வந்தது. சமூக மனநல மையங்களுக்கு அச்சட்டம் இடமளிக்கிறது. ‘மெந்தாரி’ என்ற பெயரில் அவை இன்று பல ஊர்களில் இயங்குகின்றன. 2023-இல் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு நீக்கப்பட்டது. தற்கொலைக்கு முயன்றவர் இனிக் குற்றவாளி அல்லர். வழக்கறிஞர் நின்ற இடத்தில் இனித் தாதி நிற்க வேண்டும். 2022-இல் தொடங்கிய 15555 என்னும் இலவசத் தொலைபேசிச் சேவைக்கும் பேசத் தெரிந்தவர்கள் வேண்டும். (இக்கட்டுரையைப் படிப்பவர்களில் யாருக்கேனும் தேவைப்படின், அவ்வெண்ணை உங்கள் கைப்பேசியில் பதிந்து கொள்ளுங்கள்.) மனநல மருத்துவர்களோ நாட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள், அவர்களிலும் பலர் பெருநகரங்களில். வீட்டிற்கு வந்து முக்காலியில் உட்காருபவர் மருத்துவராக இருக்க வாய்ப்பில்லை. பயிற்சி பெற்ற தாதியரோ சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் பிரிட்டனுக்கும் சென்றுகொண்டே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

தகுதியும் வழியும்

எஸ்.பி.எம். முடித்த தம்பி தங்கையருக்காக இப்பகுதி. பள்ளியை முடித்த உடனே மனநலத் தாதியாகும் வழி நம் நாட்டில் இல்லை. முதலில் பொதுத் தாதியாக வேண்டும். அதற்கு மூன்றாண்டு டிப்ளோமா அல்லது நான்காண்டு பட்டப்படிப்பு.

டிப்ளோமாவிற்கு எஸ்.பி.எம். தேர்வில் மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் கிரெடிட்டும், ஆங்கிலத்தில் தேர்ச்சியும் அடிப்படை. மொத்தம் எத்தனை கிரெடிட் என்பது ஆண்டுக்காண்டு மாற்றப்படுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் இடம் கிடைத்தால் உதவித்தொகையோடு படிக்கலாம். அதே அமைச்சின் கழகங்களில் உதவி மருத்துவ அதிகாரிப் பயிற்சியும் உண்டு. அன்றைய டிரசரின் இன்றைய வாரிசு இவர்தான். மனநல மருத்துவமனைகளின் ஆண்கள் வார்டுகளில் இவர்களின் பங்கு பெரிது; எனவே தம்பிமார்களும் இதைக் கவனிக்கலாம். பட்டப்படிப்புக்கு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் வழிகள் உள்ளன.

படிப்பு முடிந்ததும் மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. பணி செய்வதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அரசுப் பணியில் டிப்ளோமா தாதியர் முன்பு யு29 படிநிலையில் தொடங்கினர். 2024 டிசம்பரில் வந்த புதிய ஊதிய முறையில் அது யு5. சில ஆண்டுகள் வார்டில் பணிபுரிந்த பிறகே மனநலத் தாதியியலில் மேல்நிலை டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு இதை ‘போஸ்ட் பேசிக்’ என்பார்கள். மருத்துவமனைகளில் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். அதில் மனநோய்கள், மருந்துகள், ஆலோசனை வழங்கல், சட்டம், வீட்டுச் சந்திப்பு ஆகியவற்றைக் கற்பிப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘தாதியர் தேவை’ என்ற விளம்பரத்தை நம்பி அவசரப்பட வேண்டாம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியார் கல்லூரிகள் பெருகி, டிப்ளோமா பெற்ற பலர் பி.டி.பி.டி.என். கடனோடு வேலையின்றி நின்றார்கள். எங்கள் அடுக்குமாடியில் ஓர் அக்காள் தாதிச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டிவிட்டுப் பேரங்காடியில் காசாளராக இருந்தார். தேவை இருப்பது ஒன்று, அத்தேவைக்குச் சம்பளப் பதவி ஒதுக்குவது வேறொன்று. கல்லூரிக்கு வாரியத்தின் அங்கீகாரம் உண்டா, பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு ஒரு சொல். புகுமுக வகுப்பு வழியாக இடைநிலைப்பள்ளிக்குப் போனவள் நான். மலாய் சரளமாக வராத அந்த ஓராண்டில், வகுப்பில் பேசாமலே இருந்தேன். என் மதிப்பீட்டு அட்டையிலும் ஆசிரியர் ஒருவர் ‘பேசுவதில்லை’ என்று எழுதியிருந்தார். பாட்டியின் குறிப்பேட்டைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

அம்மாவின் கேள்வி

பட்டம் முடித்து, பணி அனுபவமும் பெற்ற பின் மனநலத் துறையைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்று போன தீபாவளி விடுமுறையில் வீட்டில் சொன்னேன். அம்மா உடனே, “ஏன், பிள்ளைப்பேறு வார்டு இல்லையா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நாளைக்கு உன்னைக் கேட்டு வர்றவங்க என்னா நெனைப்பாங்க? குடும்பத்துல ஏற்கெனவே ஒருத்தங்க...” என்று நிறுத்திக்கொண்டார்.

அம்மா நிறுத்திய இடத்தில் எனக்கும் ஒரு பயம் இருக்கிறது. எனக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அத்தைக்கு நோய் வந்தபோது இருபத்து நான்கு. அத்தைக்கோ மாமனுக்கோ இந்நோய் இருந்தால், நூற்றில் ஏறத்தாழ மூன்று நான்கு பேருக்கு வரலாம் என்கின்றன பாடநூல்கள். மற்ற தொண்ணூற்றாறு பேருக்கு வராது என்று நான் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சில இரவுகளில் அந்தப் பாடம் மறந்துவிடும். தூக்கம் வராத இரவுகளில் குளிர்பெட்டிக் கதவில் உள்ள தாளை மனத்துக்குள் படித்துப் பார்ப்பேன். இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தார்.

எங்கள் மிஸ்ஸி பணி ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அத்தைதான் ஊசிக்காக மருந்தகம் போக வேண்டும். இதுவரை அப்பா மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போய், தெரிந்தவர் யாரும் பார்க்கிறார்களா என்று வெளியிலேயே நிற்பார். அடுத்த ஊசி மாதம் 14-ஆம் தேதி. இந்த முறை தாமே பேருந்தில் கூட்டிப்போவதாக அம்மா சொல்லியிருக்கிறார். அத்தைக்குப் புதுச் செருப்பு வேண்டுமாம். அளவு கேட்டு எனக்கு நேற்றுக் குறுஞ்செய்தி வந்தது.